நீங்கள் உயர்த்திய கை

அன்புக்குரியவருக்கு,

அவையோரே என்று விளித்துப் பழகிய நான், இன்று உங்கள் ஒருவரையே விளிக்கிறேன். தமிழ்ச் சங்கத் தேர்தலில் செயலாளராக வென்ற என்னை, பெண் என்பதற்காகச் செயற்குழு நீக்கியது. அதற்கு நீங்களும் கை உயர்த்தினீர்கள்.

மாசியில் சங்கம் கூடும் மண்டபத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜியா பற்றி உரையாற்றினீர்களே! அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் 1868இல் வாக்களித்துத் தம்மவரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். வாக்குரிமை உண்டு, பதவி வகிக்கும் உரிமை எழுதப்படவில்லை என்று சொல்லி, வெள்ளை உறுப்பினர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். அந்த உரையை எழுதியவள் நான். கண்கலங்கிப் படித்தவர் நீங்கள்.

சென்ற ஞாயிறு செயற்குழுவில், சங்கத்தின் யாப்பு விதிகளைக் காட்டித் தலைவர் குணநாயகம் என்ன சொன்னார்?

"பொம்பிளையள் வோட்டுப் போடலாம் எண்டு யாப்பிலை கிடக்கு. செயலாளர் கதிரையிலை இருக்கலாம் எண்டு எங்கை கிடக்கு, தங்கச்சி? நீங்கள் போய் வடை தட்டுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கை உயர்த்தியபோது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரொக்ஸ்பரோவில் தங்கை வீட்டில் இருக்கிறேன். பனி குறைந்ததும் அம்மா வந்துவிடுவாள் என்று நம் பிள்ளைகளிடம் சொன்னீர்களாம். பாவம், பனி என்ன செய்தது?

வரும் ஞாயிறு பார்க் எக்ஸ்டென்ஷன் மண்டபத்தில் கூடும் பொதுச்சபை, என் நீக்கத்தை உறுதி செய்யப்போகிறது. அங்கே எழுந்து நில்லுங்கள். கை உயர்த்தியது பிழை என்று ஒலிவாங்கியில் சொல்லுங்கள். சொன்ன பின் என்னை அழைத்துப்போக வாருங்கள்.

சொல்லாமல் வராதீர்கள்.

இப்படிக்கு,
தெரிவுசெய்யப்பட்ட செயலாளர்