பிளாப்பிக்கு வைத்த பொட்டு

அக்கா, படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். இன்று அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தார்கள். அந்த வாசனைக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நம் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். நான் தட்டும்போது நீங்கள் உங்கள் ஊர் புந்தோங் கதை சொல்லிக் காத்திருப்பீர்கள். இரண்டாவதாக வேறோர் இயங்குதளத்தைப் போட்டால், இரண்டு திரைகளில் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்று முதலாளி தவுக்கேயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். செய்து காட்டு, இல்லாவிட்டால் ஒரு ஆள் போதும் என்றார். பட்டம் வாங்கியவள் நான். போகப்போவது யார் என்று இருவருக்கும் தெரியும்.

புதியதற்குத் தனிப் பகுதி வேண்டும்; ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே பகுதி. அதைச் சுருக்க வழியில்லை. எல்லாவற்றையும் பிளாப்பிகளில் நகலெடுத்து, டிஸ்க்கை அழித்து, இரண்டாகப் பிரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். நகலெடுத்துச் சரிபார்த்து அடுக்கிவிட்டு, அம்மாவைப் பார்க்க ஆயர் தாவார் போனேன். நான் இல்லாதபோது அலுவலகத்தில் ஆயுத பூஜை நடந்தது.

திரும்பி வந்து அழித்தேன், பிரித்தேன், ஏற்றினேன். கடைசி பிளாப்பி மட்டும் ஏறவில்லை. அந்த வருடத்துக் கணக்கெல்லாம் அதில்தான். உருவிப் பார்த்தால், உள்தட்டு தெரியும் திறப்பில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"டைப்ரைட்டருக்கு வெச்சேன், லோரி சாவிக்கு வெச்சேன், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உறையோட வெச்சா சாமிக்குத் தெரியாதுன்னு வெளிய எடுத்து வெச்சேன்லா" என்றீர்கள்.

துடைத்தேன். கீறல்தான் விழுந்தது.

தவுக்கே பழையபடியே மாற்றச் சொன்னார், ஒரு ஆள் போதும் என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் போய், பொட்டு வைத்தது நான்தான் என்று மலாயில் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டீர்கள். பேருந்து நிறுத்தத்தில் என் முகத்தைப் பார்த்து, "கோவப்படாத புள்ள. சாமி பாத்துக்கும்" என்றீர்கள். எதைப் பார்த்துக்கொண்டது? உங்களுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. பிறகு நோய். அடுத்த தீபாவளிக்கு நீங்களே இல்லை.

இப்போது புது மெஷின். இதன் டிஸ்க்கையும் சுருக்க முடியாது, அழித்துத்தான் பிரித்தேன். இரண்டு திரைகளும் எரிகின்றன. உங்கள் இடத்தில் உட்காரும் பெண் இன்று சந்தனக் கிண்ணத்தோடு பிளாப்பிப் பெட்டியைத் திறந்தாள். "உறை மேல வைம்மா" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

உங்கள்மேல், தவுக்கேமேல், சுருங்கத் தெரியாத அந்த டிஸ்க்மேல், யார்மேல் என்று தெரியாமல் இத்தனை நாளும் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன், அக்கா. கோபப்படாதே என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.