நோவில்லாத முழங்கால்

கிண்ணியா,
திங்கட்கிழமை, ளுஹர் தொழுத பிறகு.

என் கண்ணுக்குள் இருக்கும் பேத்தி ஆதிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூத்தம்மா நஜ்முன் நிஸா கைப்பட எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் உன் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளைக்கும் அவன் சுகத்தைத் தரட்டும்.

போன் இருக்கும்போது இந்தக் கிழவி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். இந்த வீட்டில் போன் என்றால் உன் தம்பி இல்ஹாமின் போன்தான். அவன் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவான். நீ லண்டனிலிருந்து "ஹலோ" என்றால் பக்கத்து வீட்டு றம்லா வேலிக்கு அப்பாலிருந்து "ஓம் புள்ள" என்பாள். அப்படிக் கதைக்கிற விஷயமல்ல இது. றம்லா வியாழக்கிழமை தன் மகனைப் பார்க்க லண்டன் வருகிறாள். உனக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொதிக்குள் இதை வைத்துத் தைக்கப்போகிறேன். கடிதம் மணந்தால் பொறுத்துக்கொள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தை ஒரு வாத்தியாரும் குறை சொன்னதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அது கண்ணின் பிழை.

இங்கே நாலு நாளாக ஒரே காற்று. கரைவலைக்காரர் கடலுக்குப் போகவில்லை. உன் வாப்பா றுவைஸுக்கு இருமல் குறைந்துவிட்டது. கிணற்றடி ஜம்பு பூத்திருக்கிறது. உன் உம்மா சுஹைராவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன மாதம் நீ போன் எடுத்தபோது ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? அங்கே கிளினிக்கில் ஒரு படிவம் தந்தார்களாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இடுப்புக்குக் கீழே உள்ள தசையை இறுக்கிப் பழக்குகிற ஒரு பெண்ணிடம் அனுப்புவார்களாம். உம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ இருமினால் தும்மினால் சிரித்தால் சலம் போகிற வருத்தம் உண்டா என்று அதில் கேட்டிருந்ததாம். நீ சிரித்துச் சிரித்துத்தான் கேட்டாய். உன் வாப்பா மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். றம்லா வேலியில் நின்றாள். நான் சொன்னேன், "எங்கட வமிசத்துல அப்படிச் சீக்கு ஒருத்திக்கும் இல்ல மகள். நாங்க சுத்தமான குடும்பம்." நீயும், "அப்ப நான் இல்லையெண்டு எழுதுறன் மூத்தம்மா, அந்த வெக்கங்கெட்ட இடத்துக்கு ஆரு போற" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

மகளே, நான் பொய் சொன்னேன்.

முப்பத்தைந்து வருடமாக எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது. ஐந்தாவது பிள்ளை கிடைத்து இருபதாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கினேன். அதற்குப் பிறகு தொடங்கியது. பிள்ளை பெற்றவளுக்கு இதுதான் விதி என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் கதவோரம் இருப்பேன், எழும்பிப் போகும்போது பின்னால் யாரும் வரக்கூடாது. திருகோணமலைக்கு பஸ்ஸில் போவதானால் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டேன். முன்பு பாலம் இல்லாத நாளில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். அந்தப் படகுத் தட்டில் அலைக்கு ஆடி ஆடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நஜ்முன் நிஸா வீட்டு முற்றத்தில் ஒரு சருகு கிடக்காது என்று ஊரில் பேர். அந்தப் பேரோடு இந்தக் கதையை எந்த வாயால் சொல்வது?

அதனால் எல்லாவற்றுக்கும் முழங்காலைச் சொன்னேன். கல்யாணத்துக்கு வரவில்லையா, முழங்கால். பெருநாள் தொழுகைக்குத் திடலுக்கு வரவில்லையா, முழங்கால். நீ அங்கிருந்து அனுப்பிய மருந்துப் பூச்சும் முழங்காலுறையும் அலுமாரியில் அப்படியே இருக்கின்றன. என் முழங்காலுக்கு ஒரு நாளும் ஒன்றும் வந்ததில்லை, மகளே. இன்றைக்கும் நான் குந்தி இருந்து மீன் வெட்டுகிறேன். ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை.

இனி எழுதப்போவதை உன் உம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உன் மூத்தாப்பா ஸெய்னுதீன் கடையை உன் மாமாவிடம் கொடுத்த வருடம் என்னை உம்றாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார். நான் பயந்தேன். அவ்வளவு சனத்துக்குள் கஃபாவைச் சுற்றி வரும்போது போய்விட்டால்? கழுவிச் செய்த வுளூ முறிந்து, சுத்தமில்லாத உடம்போடு அந்த இடத்தில் நிற்பதா? முழங்கால் ஏலாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சுகமாகட்டும் நிஸா, அடுத்த வருசம் போவம்" என்றார். மூதூரிலிருந்து எண்ணெய் எடுப்பித்தார். தினம் அஸர் தொழுதுவிட்டு வந்து, கதிரையில் என்னை இருத்தி, தான் கீழே இருந்து, ஸூரத்துல் ஃபாத்திஹா ஓதி ஊதி, இரண்டு முழங்காலையும் தடவிவிடுவார். இரண்டு வருடம். நான் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். "இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லையா?" என்று கேட்பார். "கொஞ்சம்" என்பேன். தனியாகப் போங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். "உன்ன விட்டுட்டு அங்க போய் நான் ஆருக்கு துஆ கேக்கிற?" என்று கேட்டார். பிறகு மார்பு நோவு வந்தது. மவுத்தாகிவிட்டார். நீ ஜனாஸாவுக்கு வந்தாயே, அன்றைக்கு எல்லோரும் என்னைத் தூக்கி எழுப்பப் பார்த்தீர்கள், முழங்கால் ஏலாதவள் என்று.

நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை மிட்வைஃப் ஜெயரூபி மிஸ்ஸி றம்லா வீட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தாள். வாசலில் மறித்து, என் சிநேகிதி ஒருத்திக்கு இப்படி ஒரு வருத்தம் என்று தொடங்கினேன். "உங்கட சிநேகிதிக்கு எத்தனை வயசு உம்மா?" என்று கேட்டாள். எழுபத்தொன்று என்றேன். "உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "சிநேகிதிய வெட்கப்படாம பெரியாஸ்பத்திரிக்கு வரச்சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமைகளில இதுக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்கிற ஒரு பிள்ளை இருக்குது, நல்ல மாதிரி" என்றாள்.

தனியாகப் போகப் பயந்து, முழங்காலைக் காட்டப் போகிறேன் என்று சொல்லி உன் உம்மாவைக் கூட்டிப்போனேன். அறைக்குள் அந்தப் பிள்ளை என் முழங்காலைப் பார்க்கவே இல்லை. "தும்மினால் போகுதா உம்மா? எவ்வளவு காலமா?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் சுஹைரா அழத் தொடங்கினாள். என்னால் அவளுக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் சொன்னாள், "உம்மா, எனக்கும்தான். இல்ஹாம் கிடைச்ச நாளில இருந்து."

பதினேழு வருடம், ஆதிலா. ஒரே வீடு, ஒரே கிணறு. நான் ஸுபஹுக்கு முந்தி என் துணியை அலசி எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் வந்து தன் துணியை அலசியிருக்கிறாள். தாய்க்கு மகள் ஒளித்திருக்கிறாள், மகளுக்குத் தாய் ஒளித்திருக்கிறாள். அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போகாமல் நின்றதற்கு, அவள் சொன்ன தலைவலியை நம்பித்தான் நான் ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பிள்ளை இரண்டு பேருக்கும் செய்ய வேண்டியதை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். சலத்தை அடக்குவது போல் உள்ளே இறுக்கி, எண்ணி, விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம். மூச்சை அடக்கக்கூடாது. சுஹைராவுக்கு இரண்டு மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியுமாம். எனக்கும் குறையும், ஆனால் முழுதாகப் போகும் என்று சொல்ல ஏலாது என்றாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பழகி, பெற்ற பிறகும் செய்திருந்தால் இந்த அளவுக்கு வந்தே இருக்காது என்றும் சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுஹைரா இன்னொன்றும் செய்தாள். மதரஸாவில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய்க் கேட்டாள். இது வருத்தம், இதற்குச் சலுகை இருக்கிறது, துணி வைத்துக் கட்டி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் வுளூ செய்துகொண்டால் தொழலாம், உம்றாவும் செய்யலாம் என்றாவாம். நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரோடு போயிருப்பேன்.

ஆதிலா, நீ "இல்லை" என்று எழுதியது என் பொய். அந்தக் கிளினிக்குக்குப் போய், என் மூத்தம்மாவுக்கும் உண்டு, என் உம்மாவுக்கும் உண்டு என்று சொல்லு. என் பேரைச் சொல்லவும் உனக்கு அனுமதி இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இந்த மாதமே போ. உன் மாப்பிள்ளையிடமும் சொல். ஒளிக்காதே. உன் உம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து இதை வாசித்துவிட்டாள். அவளும் இதைத்தான் சொல்கிறாள், கடைசியில் கையெழுத்தும் வைப்பாள்.

நான் சிரிக்காத மனுசி என்று இந்தத் தெருவில் பேர். பெருமைக்காரி என்பார்கள். நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஏதேதோ கோமாளித்தனம் செய்து என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். என்னில் விருப்பமில்லையா மூத்தம்மா என்று ஒரு நாள் அழுதாய். அது விருப்பமில்லாமல் அல்ல, மகளே.

உன் பிரசவத்தை அல்லாஹ் இலேசாக்கி வைக்கட்டும். உன் பிள்ளை ஏதாவது குறும்பு செய்யும்போது, நீ இருந்த இடத்திலேயே இருந்து, வாய்விட்டு, ஒன்றையும் யோசிக்காமல் சிரிக்க வேண்டும். நான் இப்போது கேட்கிற துஆ அது ஒன்றுதான்.

உன்னைப் பெற்றவளைப் பெற்றவள்,
நஜ்முன் நிஸா

போ, மகள். கட்டாயம் போ.
உம்மா, சுஹைரா