அருளண்ணையின் மீற்றர்

17.11.1999, டோர்ட்மண்ட்

மின்சாரத்தை இனி விரும்பிய கொம்பனியிடம் மலிவாக வாங்கலாமாம். என் மீன்கடைக் குளிர்பெட்டிகளை நினைத்து நானும் விண்ணப்பித்தேன். இன்று மறுத்துக் கடிதம் வந்தது. மீற்றர் என் பெயரில் இல்லை, கடையை வாடகைக்குத் தந்த அருளண்ணையின் பெயரில் இருக்கிறது.

நேரே அவரிடம் போனேன். "மலிவான கொம்பனிக்கு மாத்தித் தாங்கோ அண்ணை."

"நான் ஓகஸ்டிலயே மாத்திப்போட்டன், தம்பி."

மின்சாரத்துக்கு என்னிடம் வாங்குவது இன்றுவரை பழைய விலை. இந்த மனுசனுக்குத்தான் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நல்ல அறக்குளா மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன்.

"பில்லை ஒருக்கால் காட்டுங்கோ."

"எங்கட ஆக்களுக்குள்ள என்ன கடுதாசி?"

கடைக்குத் திரும்பினேன். கடை எடுத்த அன்று, எல்லாவற்றையும் எழுதிக்கொள்வோம் என்று அவர்தான் பேனையை நீட்டினார். இதே வசனத்தைச் சொல்லி அதைத் தள்ளிவிட்டவன் நான்.