அனுப்புநர் இடத்தில் இரண்டு பெயர்கள்

இறந்துபோன ஒருத்தியின் பெயர் ஒரு மென்பொருளின் பங்களிப்பாளர் பட்டியலில் எத்தனை காலம் இருக்கலாம்? எனக்குத் தெரியவில்லை. உன் பெயரை நீக்கப்போவதாக இன்று காலை மின்னஞ்சல் வந்தது. படித்ததும் அலமாரியிலிருந்து உன் பழைய காலண்டர் தாளை எடுத்தேன். மை வாசம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுத்துகளின் ஓரத்தில் அதே சிவப்பு நிழல்.

அப்போது நீ சிவகாசியில் உன் அண்ணனின் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தாய். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் கணினி கற்பித்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட ஒரு மென்பொருளில் நீ தினசரி காலண்டரை அமைத்தாய். கருப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாக வேண்டிய எழுத்தை அந்த மென்பொருள் நான்கு மைகளாகப் பிரித்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக மை ஏறும்போது தாள் மயிரிழை நகர்ந்தாலும் ராகுகாலம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வியாபாரிகளுக்குக் காட்டும் காலண்டர் மாதிரி ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வெளிவராவிட்டால் அந்த வருடத்து ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

மென்பொருளைக் கவனித்துவந்த வெளிநாட்டுக்காரர்கள், "திரையில் சரியாகத்தான் இருக்கிறது" என்று உனக்காக நான் எழுதி அனுப்பிய புகாரை மூடிவிட்டார்கள். நான் அடங்கிவிட்டேன். நீ அடங்கவில்லை.

"ஏ புரொபசரு, காயிதத்துல வந்த குத்தத்தக் காயிதத்துலதான காட்டணும்? அனுப்புவோம்டி."

பாழான தாள்களைக் கட்டாகக் கட்டித் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனோம். சிவகாசிப் பார்சலைப் பிரிக்காமல் விடுவார்களா?

"வெடி கிடி வச்சிருக்கீகளா?" என்றார் எழுத்தர்.

"அம்புட்டும் வெறும் எழுத்துண்ணே. வெடிச்சாத்தான் அவிங்களுக்குக் கேக்கும்னா, அதுக்கும் வழி பாக்கலாம்," என்றாய்.

தாள்களைப் பார்த்த பிறகு புகாரை மறுபடி திறந்தார்கள். நிரலை நான் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் நீ அச்சிட்டுப் பார்த்து, "இன்னும் நெழல் அடிக்குது, போ" என்று திருப்பி அனுப்பினாய். ஆடிப் பதினெட்டன்று ஆல்பம் வெளிவந்தது. பட்டியலில் உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் கொடுத்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. "அவர் ஒரு வரி நிரலும் எழுதியதில்லை, அவர் முகவரிக்கு அனுப்பும் அஞ்சல்களும் திரும்பி வருகின்றன" என்று எழுதியிருக்கிறார்கள். நான் பதில் எழுதினேன்: "குறையைக் கண்டவள் அவள். சரியாகிவிட்டதா என்று சொன்னவளும் அவள்தான். அவள் பெயரை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்." வழக்கமாகக் கடைசியில் போடும் நன்றியைப் போடவில்லை. அதை நீ கவனித்திருப்பாய்.

உனக்கு எழுதும் இந்த மடலை அத்துடன் நிறுத்தியிருந்தேன். மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பட்டியலைத் திறந்தேன். இரண்டு பெயர்களுமே இல்லை. நிழலடித்த தாளையும், திருத்தத்துக்குப் பின் நீ அச்சிட்ட தாளையும் ஒரே உறையில் வைத்து, அந்த வெளிநாட்டுக்காரர்களின் முகவரியை எழுதி, சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். அதே தபால் நிலையம், அதே எழுத்தர். அனுப்புநர் இடத்தில் உன் பெயரை முதலில் எழுதி, கீழே என் பெயரை எழுதினேன்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இவுக தவறிட்டாகளே டீச்சர்?"

"தெரியும். முத்திரை குத்துங்க."

குத்தினார்.