படிக்காதவர்கள் வெளியே போகலாம்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. பால்காரரின் வண்டி தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது.

இந்த நோட்டில் உண்மை மட்டுமே. நடந்தது நடந்தபடி. என்னைக் கேவலமாகக் காட்டுவதையும் விடப்போவதில்லை. அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து அலுத்தவள், என் கிறுக்கலைத் தொடமாட்டாள். ஆகவே நடிக்க வேண்டியதில்லை.

வேலைகள்: கெமிஸ்ட்ரி ரெக்கார்டு, படங்கள் பாக்கி. நூலகப் புத்தகம், அபராதத்தோடு. கேம் ஷோ கேள்விகள், கடைசிச் சுற்று. தலைக்கு எண்ணெய் (முடியாது).

பதினெட்டாம் தேதி ஞாயிறு எங்கள் அனிமே சந்திப்பு. பாண்டிக்கு வெளியே, தவளக்குப்பம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம், அங்கேதான் வாடகை குறைவு. காலையில் வேஷப் போட்டி, ஸ்டிக்கர் கடைகள். மாலையில் கேம் ஷோ. கேள்வி முழுவதும் நான் எழுதியது. மேடையில் மைக் பிடித்துக் கேட்கப்போவதும் நான். ஆகஸ்டிலேயே பேசி முடிவானது. கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்: "அணி இரண்டு, உங்கள் பதில்?"  

நடத்துபவர் பிரவீன் அண்ணா (இனி பி.அ.), இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நான்கு காலிங் பெல்லை ஒரு பிளைவுட்டில் பொருத்தி, மேலே ஜீரோ வாட் பல்பு. யார் முதலில் அழுத்துகிறாரோ அவருடையது மட்டும் எரியும். நன்றாகச் செய்திருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாக எழுத இது ஒன்றுதான்.

இன்று குரூப்பில் எனக்கு அவர் வாய்ஸ் நோட் (டிக்‌ஷனரி என்பது நான்தான்): "ஏய் டிக்‌ஷனரி, ஹால் வாடக எங்கேந்து வரும்னு உனக்குத் தெரியுமா? நீ கேள்விய மட்டும் எழுது, போதும்." எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். என் சிநேகிதி மோனிக்கும்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். தட்டாஞ்சாவடி. ஸ்பான்சர் தேடி மூன்று பேர்: பி.அ., மோனிக், நான்.

ஏற்கெனவே கேட்டு இல்லை என்றவர்கள்: செல்போன் கடை, டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை ("பிரியாணி வேணா குடுக்கறேன், காசு இல்ல"). இன்று ஐஸ்கிரீம் கம்பெனி. உள்ளே போனதும் எசென்ஸ் வாசனை, தொண்டை வரை. முதலாளிக்குத் தலைக்கு மேல் ஏசி, கையில் ஒரு விசிறி வேறு.

"இது இன்னா, கார்ட்டூனா?"

"அனிமே சார். காலேஜ் பசங்கதான் வருவாங்க," என்றார் பி.அ.

"வளந்த பசங்களா? வேஷம் போட்டுக்கினா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி, கேம் ஷோவ நடத்தறது யாரு?"

பி.அ. என்னைக் காட்டினார். முதலாளி என் இரட்டைப் பின்னலைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவா? எதனா பேசு பாப்போம்."

பேசினேன். "அணி இரண்டு, உங்கள் பதில்?" வரை போனேன்.

"ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்குதே!"

அவர் சிரித்தார். பி.அ. சிரித்தார். மோனிக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூடிக்கொண்டால் சிரிப்பு இல்லை என்று ஆகாது.

பணம் தருகிறாராம். பாதி இப்போது, பாதி நிகழ்ச்சி முடிந்ததும். நிபந்தனை: அவர் விளம்பரங்களில் நடிக்கும் சென்னைக்காரர் விக்கிதான் மைக் பிடிக்க வேண்டும். அவரைப் பின்தொடர்பவர்கள் ஏராளம். இரண்டாவது: "ஷோ நடக்கச்சொல்ல ஒரு சேர் காலியா இருக்கக் கூடாது. வீடியோ எடுப்பேன்."

பி.அ. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓகே சார்."

பஸ் ஸ்டாப்பில் மோனிக்தான் பேசினாள். "விக்கி வந்தா கூட்டம் வரும் எழிலு. நீ கேட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா... நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும்டி. கோச்சிக்காத."

கோபித்துக்கொண்டேன். இன்னும் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மேகம். மோனிக் வீட்டில் கூட்டம். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் பிரெஞ்சுச் செய்தி, தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில். அவள் மமா (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். சர்க்கரை அதிகம். இன்று எனக்கு எல்லாமே அதிகம்.

இங்கே ஒன்றை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். நானும் மோனிக்கும் சிநேகிதிகள் ஆனது ஒரு தொடரால். 'உப்பு வாசல்' என்பது நாங்கள் வைத்த பெயர். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஓர் ஊரைக் காக்கும் அக்கா மிசூனா, தம்பி ரிகுதோ. டிவியில் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. படக்கதைப் புத்தகமாக முடிந்தே போய்விட்டது. பிரான்ஸில் இருக்கும் மோனிக்கின் அத்தை ஒவ்வொரு டிசம்பரும் அந்தப் புத்தகங்களைப் பிரெஞ்சில் (பள்ளியில் நாங்கள் படிப்பதுதான்) கொண்டுவருவார். மோனிக் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் என்னிடம் தருவாள். அவளுக்குப் படம் அசைய வேண்டும், எனக்குப் பக்கம் புரள வேண்டும். ஆக நான் எப்போதும் அவளுக்கு முன்னால். ஒரே விதி: வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வருடமாகத் திறக்கவில்லை. கடைசிப் புத்தகத்தை முடித்த மறுநாள் என் கண் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க.

எங்கள் கூட்டத்தில் இதுதான் பெரிய பாவம், முடிவைச் சொல்வது. திருடினால்கூட மன்னிப்பார்கள். அதனால் எந்தச் சந்திப்பிலும், டிவியில் இன்னும் வராததைக் கேட்கும் புத்தகச் சுற்று வந்தால், முதலில் மைக்கில் அறிவிப்பார்கள்: "படிக்காதவங்க வெளிய போலாம்." பாதி ஹால் எழுந்து போகும். சுற்று முடிந்ததும் கூப்பிடுவார்கள். யாரும் முனகுவதில்லை.

என் கடைசிச் சுற்று புத்தகச் சுற்று.

பி.அ.: "அதெல்லாம் கெடையாது. எவனும் எந்திரிக்கக் கூடாதுன்னு மொதலாளி சொன்னார் இல்ல? அறிவிப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"அப்ப அந்தச் சுற்ற எடுத்துடணும் அண்ணா."

"எடுக்காத. டிவில வந்த எடத்திலேந்து கேளு. ஈஸி."

"நாலு மாசமா எழுதினேன்."

"யம்மா டிக்‌ஷனரி. உன் நாலு மாசத்துக்கு ஹால்காரன் வாடகைல கழிப்பானா?"

மோனிக் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மிசூனாவின் நீல அங்கிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளியிலிருந்து தைக்கிறாள். தலை நிமிரவில்லை. எனக்காக ஒரு வார்த்தை. ஒன்றுகூட இல்லை. பிறகு கேட்டது: "எழிலு, இந்த நீலம் ரொம்ப டார்க்கா இருக்கா?"

சரியாக இருக்கிறது என்றேன். அது உண்மை.

ஜனவரி 13, செவ்வாய்

விக்கி போன். "ஹலோ சிஸ்டர், கேள்வியெல்லாம் சின்னதா வைங்க. நடுவுல நான் காமெடி பண்ணிக்கறேன். பொம்மப் படம்தானே, யாரு சீரியஸா பாக்கப் போறா?"

"பெயர்களை எப்படிச் சொல்வதென்று எழுதித் தரவா?"

"அதெல்லாம் வேணாம் சிஸ்டர். தப்பா சொன்னாத்தான் சிரிப்பாங்க."

அம்மா: "யாருடி போன்ல? மூஞ்சி ஏன் அப்டி ஆச்சி?" ஒன்றுமில்லை என்றேன். இந்த நோட்டுக்கு வெளியே பொய் சொல்லலாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 17, சனி

பொங்கல் முடிந்தது. தெருவில் கரும்புச் சக்கை, நாய்க்கு அதில் என்ன ருசியோ. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு அப்படியே.

விக்கிக்குக் கேள்விகளை அட்டைகளில் எழுதித் தர வேண்டும். பெரிய எழுத்தில். எழுதினேன். எல்லாம் டிவியில் வந்த இடத்திலிருந்து. கடைசி அட்டை: "உப்பு வாசல் ஊர்ப் படகுகளின் நிறம் என்ன?" பத்திரமான கேள்வி. பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

கிழித்துவிட்டேன்.

வேறு எழுதினேன்: "ரிகுதோ தன் அக்கா மிசூனாவை எங்கே புதைக்கிறான்?"

விக்கிக்கு அது இன்னொரு கேள்வி. ஹாலுக்கு அது சாவுச் செய்தி. அந்த ஆள் அதைப் பல்லைக் காட்டிக்கொண்டு வாசிப்பார். அதுதான் எனக்கு வேண்டியது. அவரை ஊளையிட்டு இறக்குவார்கள். முதலாளி வீடியோ எடுக்கட்டும். சேர் காலியாகிறதா இல்லையா என்று பி.அ. எண்ணட்டும்.

மோனிக் முன்வரிசையில் இருப்பாள். தெரியும். மிசூனாவாகவே வந்து உட்கார்ந்திருப்பாள். அதுவும் தெரியும். இரண்டையும் எழுதிவிட்டேன், இனிமேல் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது.

அட்டையைக் கடைசியில் வைத்தேன். மனம் மாறினால் உருவிவிட நேரம் இருக்கும் என்பதற்காக. பொய். கடைசியில்தான் கூட்டம் நிறைந்திருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

புழுக்கம். மண்டபத்தில் ஃபேன் பாதி ஓடவில்லை. மேடைக்குப் பின்னால் போன கல்யாணத்தின் தெர்மாகோல் பெயர்கள்; அதன் மேல் ஐஸ்கிரீம் பேனர். கூட்டம் நிஜமாகவே வந்தது. கடலூரிலிருந்து ஒரு வேன். சிறகு ஒட்டிய ஒருவன் கதவில் மாட்டிக்கொண்டான். இலவசக் கப் ஐஸ்கிரீம், ஆளுக்கு ஒன்று.

மோனிக்: நீல அங்கி, வெள்ளைக் கையுறை, வெள்ளி நிற விக். என்னிடம் சுற்றிக் காட்டினாள். "சவா?" பிரெஞ்சில் கேட்டாள், நல்லா இருக்கா என்று. நன்றாக இருந்தாள். தொடரில் இருப்பதைவிட நன்றாக. அட்டைகள் அப்போது என் கையில்தான் இருந்தன.

விக்கியிடம் கொடுத்தேன்.

என் இடம்: மேடை ஓரம், தரையில், ஸ்கோர் போர்டு பக்கம்.

விக்கி நன்றாக நடத்தினார். எழுதத்தான் வேண்டும். "இன்னா பாண்டி! பொங்கல் முடிஞ்சும் மாட்டுக்குக் கொம்பு கழட்டலையா?" என்று கொம்பு வைத்த ஒருவனைக் கேட்டார். ஹால் குலுங்கியது. பெயர்களைத் தப்பாகச் சொல்லச் சொல்ல அவர்களே கத்தித் திருத்தினார்கள். நான் நின்றிருந்தால் இப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு சேர்கூடக் காலி இல்லை. பி.அ. என் பக்கம் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். எல்லோரையும் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

கடைசி அட்டை. மூன்று எட்டு வைத்தால் மேடை. கையை நீட்டினால் உருவிவிடலாம். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"லாஸ்ட் கொஸ்டின் மக்களே! ரிகுதோ தன் அக்கா மிசூனாவ... யாருப்பா மிசூனா? ஓ, நீயாம்மா? செம கெட்டப்!" மோனிக்கை விரலால் காட்டினார். அவள் எழுந்து கையசைத்தாள். "எங்கே புதைக்கிறான்?"

ஒரு பெல்லும் அடிக்கவில்லை. மோனிக்கின் கை மேலேயே நின்றது.

"டேய், இன்னாடா சொல்றான்?"

"செத்துடறாளா?"

"மூணு வருசமா பாக்கறோம்டா! அறிவிப்பு எங்கடா?"

"எதுக்குப்பா டென்ஷன், பொம்மதானே!" என்றார் விக்கி. அதோடு முடிந்தது. முதல் கப் அவர் தோளில். பிறகு எல்லாக் கப்பும். வெண்ணிலா பேனரில் வழிந்தது. சிறகுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான், இனிப் பொத்தி என்ன. சேர்கள் காலி.

முதலாளி: "என் பேனர் மேலயே என் ஐஸ்கிரீமா? மீதிக் காசு கேட்டு எவனும் வராத." கார் போய்விட்டது.

விக்கி: "கார்டுல இருந்ததத்தான் ப்ரோ படிச்சேன்."

பி.அ. என் முன்னால் வந்து நின்றார். சட்டையெல்லாம் வெண்ணிலா. முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "எழிலு, மறந்து வச்சிட்டேன்னு சொல்லு. குரூப்ல நான் பேசிக்கறேன்."

"மறக்கல அண்ணா."

"பின்ன?"

"தெரிஞ்சிதான் எழுதினேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இனிமே நமக்கு எவன்மா காசு குடுப்பான்?" என்றார், கேள்வி போல இல்லாமல். பெல் பலகையிலிருந்து ஒயர்களைக் கழற்றப் போய்விட்டார்.

மோனிக் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். விக் மடியில். தலையில் விக்குக்கு அடியில் போடும் வலை மட்டும். சுற்றிலும் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அவளுடையதைத் தவிர.

"யாரும் பதில் சொல்லல இல்ல?"

"இல்ல."

"எங்க பொதைக்கிறான்?"

"மோனிக், வேணாம்."

"கேட்டேன் இல்ல? எங்க?"

"பள்ளிக்கூட மைதானத்துல. ஊர்ச் சுடுகாடு கடலுக்குள்ள போயிடுச்சி. அதனால."

தலையாட்டினாள், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி. "எப்டி சாவறா?"

பக்கத்துச் சேரை அடுக்க எடுத்தேன்.

"என் புக்கு எழிலு. எங்க அத்த எனக்குக் குடுத்த புக்கு. இனிமே உன்கிட்ட பேசமாட்டேன். அத மட்டும் முழுசா சொல்லிட்டுப் போ."

நின்றபடி சொன்னேன். அலை வந்த காலை, மிசூனா கதவைத் தாங்கியது, தம்பி மறுபக்கம் இருந்து கத்தியது. அவள் காதைப் பொத்தவில்லை. கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டே கேட்டாள். அழவும் இல்லை. நான்தான் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தியபோதெல்லாம், "அப்புறம்?" என்றாள்.

வாட்ச்மேன் வந்தார். "யம்மா, கெளம்புங்க. காலைல முகூர்த்தம் இருக்குது, கழுவி வுடணும்."

"ரெண்டு நிமிஷம் அண்ணே. இன்னும் அவள எடுக்கல," என்றாள் மோனிக்.

அவருக்கு என்ன புரியும். கதையில் அவளைப் புதைக்கும் மைதானம் வரைக்கும் நான் வந்திருக்கவில்லை. மெயினை இறக்கி விளக்குகளை அணைத்துவிட்டார்.