குவைத் சேலையும் மதியச் சோறும்

அக்கா, நம் மதியச் சோற்றுக்கு உதவுவதாகச் சித்தூர் அறக்கட்டளைக்காரர்கள் நேற்று ஒத்துக்கொண்டார்கள். ஆடியில் நீ கண்ணை மூடினாய், இப்போது கார்த்திகை. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. என் புளி மண்டியில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்து ஓட்டலில் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பிள்ளைகள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போன பிறகு, குடிபாலா பக்கத்தில் நம் ஊரில் கிழடுகள்தான் மிச்சம். உலை வைக்க முடியாமல், காலையில் குடித்த டீயோடு சுருண்டு கிடந்தவர்களைக் கூப்பிட்டு உன் மாட்டுக் கொட்டகையில் சோறு போட்டாய். கைக்காசு தீர்ந்ததும், "பேரம் பேசிப் பேசி வாய் பழகினவன் நீதான், வாடா" என்று என்னை இழுத்துக்கொண்டு அறக்கட்டளைக்குப் போனாய். பெரிய இடமெல்லாம் இல்லை. ஓர் அரிசி மில்காரர், நாலைந்து கடைக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து அவர்களுடைய பிள்ளைகள் அனுப்புகிற பணம். கொடுப்பார்கள், ஆனால் நேரில் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அவர்கள் வருகிற அன்று உன்னிடம் சொன்னேன்: "எல்லாரையும் பழசு கட்டிக்கினு வரச் சொல்லுக்கா."

"வூட்டுக்கு வர்றவங்க முன்னாடி கந்தலோட நிக்கணுமா? உன் மண்டியில நல்ல புளியத்தான மேல வெக்கிற?"

"அது விக்கறது, அக்கா. இது கேக்கறது."

"கேக்கறவளுக்கும் மானம் கீது, போடா."

கிழவிகள் எல்லாரும் மகள்கள் அனுப்பிய குவைத் சேலையில் பளபளவென்று வந்தார்கள். நீயோ வடை பாயசத்தோடு இலை போட்டுவிட்டாய். மில்காரர் திருப்தியாகச் சாப்பிட்டார். சேலைகளைப் பார்த்தார். "பாகானே உன்னாரு கதம்மா" என்றார் தெலுங்கில். நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். காரில் ஏறிப் போய்விட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். "வட ரெண்டு கேட்டு வாங்கித் துன்னாரு, பாத்தியா?" என்று நீ சிரித்தாய்.

அதன் பிறகு நாம் எத்தனை முறை அங்கே போய் பெஞ்சில் காத்திருந்தோம்! 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

நீ போன பிறகு கன்னியம்மா சமைக்கிறாள். இந்த மாதத்தோடு அடுப்பை அணைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அரிசி இல்லை. நேற்று மில்காரர் மறுபடி பார்க்க வந்தார். இந்தத் தடவை நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதே சேலைகள். அவரும் அதே பேச்சை எடுத்தார். எனக்கு அலுத்துவிட்டது. "சேலை குவைத்துல இருந்து தபால்ல வரும் சார். சோத்த அங்கிருந்து பொங்கி அனுப்ப முடியாது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். அவர்தான் திரும்பக் கூப்பிட்டார்.

எத்தனையோ பேரம் படிந்த கை இது. இந்தச் சோற்றுக்குப் பட்ட பாடு எதற்கும் பட்டதில்லை. அந்தக் கிழங்களைக் குனிய வைக்காமல் கேட்க வேண்டும் என்ற உன் பிடிவாதம்தான், நான் வேண்டாம் என்றாலும், எனக்குள் தங்கிவிட்டது.

பேசி முடித்தது இதுதான். ஒரு வருஷத்துக்கு அரிசியும் பருப்பும் அவர்களுடையது. காய்கறி ஊருடையது. கன்னியம்மாவின் கூலி என்னுடையது. கொட்டகை வாசலில் மில்காரருடைய தாயார் பெயரில் பலகை வைப்பார்கள். கீழே சின்னதாக உன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், படியவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், அக்கா.