கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க

டீச்சர்,

இன்று தடுப்பூசிப் புதன். உங்கள் அங்கன்வாடியில் உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், அங்கே வேறு நாற்காலி கிடையாது. கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரைப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே சிவப்பு மாத்திரை அட்டைகள். மூடி வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஒலக்கூர்ப் பக்கத்து ஊர்களில் இருபது வருடத்துக்கு மேல் நர்சு வேலை பார்த்தவள் நான். மாத்திரையை நீட்டும்போதே வாய் தானாகச் சொல்லும்: "கறுப்பாப் போவும், பயப்படாதீங்க." நீங்கள் பிள்ளைகளுக்கு எடை போட்டபடியே என் குரலில் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவீர்கள். கர்ப்பிணிகள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிப்பேன்.

காபியைத் தவிர எதையும் குடிக்காத உங்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. வருடக்கணக்கான சர்க்கரை நோயும் கல்லீரலில் படிந்த கொழுப்பும் போதுமாம். விழுப்புரத்து டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கல்லீரல் இறுகிவிட்டது, அதற்குள் போக வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்களில் ஏறிப் புடைக்க வைத்திருக்கிறது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, புடைத்த இடங்களில் சின்ன ரப்பர் வளையம் மாட்டிக் கட்டிவிட வேண்டும் என்றார்.

குழாய் விடும் அறைக்கு வெளியே இருந்த வரிசை நினைவிருக்கிறதா? முழுக்க ஆண்கள். கூப்பிட வந்தவர் உங்களைப் பார்த்து, "வூட்டுக்காரருக்காம்மா? அவர வரச் சொல்லுங்க" என்றார். நீங்கள் மெதுவாக, "எனக்குத்தாங்க" என்றீர்கள். அத்தனை தலையும் திரும்பியது. வளையம் போட்டு வலித்ததைவிட அதுதான் உங்களுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும்.

பேருந்தில் திண்டிவனம் வந்தோம். இறங்கும்போது சொன்னீர்கள்: "ஊர்ல அல்சருன்னு சொல்லிக்கிறேன் சிஸ்டர். நீங்களும் அப்டியே சொல்லுங்க. பொம்பளைக்கு லிவருன்னா என்னா பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். தெரிந்ததால்தான் தலையாட்டினேன். உங்கள் வீட்டுக்காரரிடம்கூட அல்சர் என்றே சொன்னோம். அதை நினைத்தால் உங்கள் மேலும் ஆத்திரம் வருகிறது, என் மேலும் வருகிறது.

மூன்றாம் வாரம் மறுபடி வளையம் போட வரச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் போகவில்லை. "எடை எல்லாம் போன்ல ஏத்தணும் சிஸ்டர், முடிச்சிட்டுப் போறேன்." லீவு எழுதினால் காரணம் கேட்பார்களே என்ற பயம்தான் அது. கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். எனக்கும் அந்த வாரம் முகாம் வேலை இருந்தது, விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தீர்கள். நான் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாளாத் தார் மாதிரி போவுது சிஸ்டர். தலை வேற சுத்திக்கினே இருக்குது."

ரத்தம் குறைவு என்று உங்களுக்கும் அதே சிவப்பு மாத்திரையைத்தான் கொடுத்திருந்தார்கள். என் வாயிலிருந்து அந்தப் பழைய வாக்கியம் வந்தது. யோசித்து வரவில்லை, சும்மா வந்தது.

"இரும்பு மாத்திரை போட்டா கறுப்பாத்தான் போவும், பயப்படாதீங்க."

"நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர்" என்று வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் காலையில் ரத்த வாந்தி. ஆம்புலன்ஸில் விக்கிரவாண்டி வரை என் கையைப் பிடித்திருந்தீர்கள். விழுப்புரம் போய்ச் சேரும்போது நான்தான் உங்கள் கையைப் பிடித்திருந்தேன்.

மாத்திரையால் வரும் கறுப்பு வேறு, உள்ளே கசிந்த ரத்தம் தாராகப் பிசுபிசுவென்று கெட்ட நாற்றத்தோடு போவது வேறு என்று நான் பாடமாகவே படித்தவள். ஒட்டுகிறதா, நாறுகிறதா என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்குக்கூட அவசியமில்லை, தார் என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் கல்லீரல் விஷயம் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்களில் ஒருவராவது அன்று ராத்திரியே வண்டி பிடித்திருப்பார்களோ என்னவோ. எனக்குத் தெரிந்தும் நான் புளி கரைத்தேன்.

இப்போது ஊரில் கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், டீச்சரைக் கொண்டுபோனது அல்சர் இல்லை, கல்லீரல் நோய், அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்று. வாக்கை மீறிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

இன்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து பெட்டியைத் திரும்பத் திறந்தேன். முதல் பெண்ணுக்கு அட்டையைக் கொடுத்து, கறுப்பாகப் போகும் என்று தொடங்கி நிறுத்தினேன். எப்போது பயப்பட வேண்டும் என்று சொன்னேன். தார் மாதிரி ஒட்டினால், நாறினால், தலை சுற்றினால். வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல் என்றேன்.

அந்தப் பெண் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர்" என்றாள்.

அவளைப் போக விடவில்லை டீச்சர். உங்கள் எடைக்கருவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டு தடவை.